127 இல்லாமல்

என் அக்காவைப் பற்றி யாராவது கேட்டால், அவள் லேத் ஓட்டுகிறவள் என்பதைத்தான் முதலில் சொல்வேன். "லேத்தா? பொம்பளையா?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொள்வேன். இருபத்திரண்டு வருஷமாக இரும்பைச் சீவிக்கொண்டிருக்கிறவளைப் பற்றி, வீட்டுச் சுவரில் ஓர் ஆணியை நேராக அடிக்கத் தெரியாதவர்களுக்கு நான் எதற்கு விளக்கம் சொல்ல வேண்டும்?

நானும் அதே பட்டறையில்தான் இருக்கிறேன். ஸ்டோர் கீப்பர். டூல், டிரில், பல்சக்கரம் எல்லாவற்றையும் எடுத்துக் கொடுப்பதும் திரும்ப வாங்கி வைப்பதும் என் வேலை. என் சட்டையில் எண்ணெய்க் கறை இருக்காது. அக்காவின் சட்டையில் கறை இல்லாத இடம் இருக்காது. அதற்குக் காரணமும் அவள்தான். அம்மா போனபோது எனக்கு ஒன்பது வயது, அவளுக்குப் பதினாறு. கணக்கில் வகுப்பிலேயே முதலாக வந்துகொண்டிருந்தவள், புத்தகத்தை மூடி வைத்துவிட்டுப் பட்டறைக்கு இரும்புச் சுருள் பெருக்கப் போனாள். நான் பள்ளிக்கூடம் போனேன்.

பெருக்கப் போனவள் பெருக்கிவிட்டு மட்டும் வரவில்லை. எந்த மெஷினில் என்ன வேலைக்கு என்ன டூல் மாட்டுகிறார்கள் என்று ஐந்து வருஷம் துடைப்பத்தோடு நின்று பார்த்திருக்கிறாள். ஒருநாள் லேத் ஓட்டும் டர்னர்கள் இரண்டு பேரும் சொல்லி வைத்தாற்போல் லீவு போட, அவசரமாக ஒரு புஷ், அதாவது அச்சைச் சுற்றிப் போடும் உலோக வளையம், கடைய வேண்டியிருந்தது. துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் போய் மெஷினைப் போட்டாள். அளந்து பார்த்த முதலாளி மறுநாள் பெருக்குவதற்கு வேறு ஆள் வைத்தார். சும்மா சொல்லக்கூடாது, அந்த விஷயத்தில் முதலாளி நல்ல மனுஷன்.

இனி நான் சொல்லப்போகும் கதைக்குக் கொஞ்சம் லேத் தெரிய வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்கே அவ்வளவுதான் தெரியும். மரை, அதாவது போல்ட்டின் மேல் சுற்றிச் சுற்றிப் போகும் அந்தத் தடம், வெட்டும்போது ராடு சுற்றும், அதை வெட்டும் டூல் பக்கவாட்டில் நகரும். ராடு ஒரு சுற்றுச் சுற்றினால் டூல் எவ்வளவு நகர வேண்டும் என்பதை மெஷினின் இடது பக்கம் இருக்கும் பல்சக்கரங்கள் தீர்மானிக்கும். மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் சேர்த்து வைக்க நடுவில் ஒன்று. மேலே எத்தனை பல், கீழே எத்தனை பல் என்பதில்தான் சங்கதி. நடுவில் இருப்பது எத்தனை பல்லாக இருந்தாலும் கணக்கில் வராது. அக்கா ஒருநாள் இதைச் சாப்பிடும்போது சொன்னதும் மாமா, அதாவது அவள் வீட்டுக்காரர், "கேட்டுக்கோ மாப்ளே, நம்ம வீட்ல அந்த நடுச் சக்கரம் நான்தான்" என்றார். லாரி ஓட்டுகிறவர். வீட்டில் இருப்பது வாரத்துக்கு இரண்டு நாள்.

எங்கள் மெஷின் மில்லிமீட்டர் மெஷின்; மேலேயும் கீழேயும் சமமான பல் என்றால் ஒரு சுற்றுக்கு டூல் ஆறு மில்லி நகரும். அதில் இஞ்சுக் கணக்கில் மரை வெட்ட வேண்டுமென்றால் 127 பல் உள்ள ஒரு பெரிய சக்கரத்தை மாட்ட வேண்டும். ஓர் இஞ்சு 25.4 மில்லிமீட்டர்; அதை ஐந்தால் பெருக்கினால் 127. மற்ற சக்கரங்கள் இருபதில் தொடங்கி ஐந்தைந்தாக ஏறி நூற்றிருபதில் முடியும். இந்த 127 மட்டும் எந்த வரிசையிலும் சேராமல் தனியாக நிற்கும். வருஷத்தில் ஒருமுறைகூட அதை யாரும் கேட்க மாட்டார்கள். நல்ல கனம்.

இப்போது என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஸ்டோர் கதவு தானாக மூடிக்கொள்ளும் கதவு. இரண்டு கையிலும் சாமானோடு வரும்போது முகத்தில் அடிக்கும். அதற்கு நான் கண்டுபிடித்த வைத்தியம் 127. அதைக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்தேன். கன கச்சிதமாக நின்றது. ஒரு வருஷம் போல நின்றது. பட்டறைக்குப் புது டிரில்லிங் மெஷின் வந்த நாளில், அதை ஏற்றி வந்த தள்ளுவண்டி நேராக அதன் மேல் ஏறியது. மூன்று பல் போய்விட்டது.

 எல்லோரும் புது மெஷினை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். சக்கரத்தைச் சாக்கில் சுற்றிக் கட்டி, பெரிய கிரீஸ் டின்னுக்குப் பின்னால் தள்ளினேன். யார் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு வருஷம் யாரும் கேட்கவில்லை.

அந்த இரண்டு வருஷமும் அக்காவுக்கு ஒரு புதுப் பழக்கம். சாப்பாட்டு நேரத்தில், சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு கணக்குப் போடுவாள். அக்கா மகள் பாதி எழுதி விட்ட பள்ளிக்கூட நோட்டு, செய்தித்தாள் அட்டை போட்டது. எட்டிப் பார்த்தால் வரிசை வரிசையாக எண்கள். நாற்பது, எழுபது. முப்பத்தைந்து, தொண்ணூறு. பக்கத்தில் புள்ளி வைத்து நாலு நாலு எண். ஃபோர்மேன் அவளுக்கு 'வாய்ப்பாடு' என்று பேர் வைத்தார். நான் சும்மா இருப்பேனா? "மரை வெட்டி வெட்டி உனக்கே மரை கழண்டுபோச்சுக்கா" என்பேன். "போடா, போய்க் கதவைப் பாரு" என்பாள். கதவைப் பார் என்று அவள் ஏன் சொல்கிறாள் என்று நான் யோசித்ததே இல்லை. எனக்கு அவ்வளவு மூளை.

பிறகு அந்த மழை வந்தது. மூன்று நாள் விடவில்லை. எங்கள் தெரு ஊரிலேயே பள்ளமான தெரு. பின்னால் ஓடும் கால்வாய் ஆற்றில் சேரும் இடத்தில் ஒரு மதகு உண்டு. ஆறு ஏறும்போது அதை இறக்கி மூடிவிட்டால் ஆற்றுத் தண்ணீர் கால்வாய் வழியாகத் தெருவுக்குள் திரும்பி வராது. மூன்றாம் நாள் காலை அதை இறக்கப் போனவர்கள், பாதி இறக்கியதும், மதகைத் தூக்கி இறக்கும் மரை போட்ட ராடை முறித்துவிட்டார்கள். மதகுப் பலகை பாதியில் நின்றது. மணல் மூட்டையைப் போட்டுப் பார்த்தார்கள். ஆறு அதை உருட்டித் தள்ளிவிட்டுத் தெருவுக்குள் எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. நாங்கள் பட்டறைக்குக் கிளம்பும்போது தண்ணீர் எங்கள் வாசலின் கீழ்ப்படியைத் தொட்டுக்கொண்டிருந்தது. கீழே இரண்டு அறையில் அக்கா குடும்பம், மாடியில் ஓர் அறையில் நான். நல்லவேளை மாமா வீட்டில் இருந்தார். கட்டிலை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்.

எட்டு மணிக்கு நீர்த்துறை ஆட்கள் முறிந்த ராடையும், அது ஓடும் வெண்கல நட்டையும், மரை வெட்டாத இரண்டு புது ராடையும் பட்டறையில் கொண்டு வந்து போட்டார்கள். "இதே மரை. இன்னிக்கே வேணும். வேற ராடு கெடையாது, வரவழைக்க மூணு நாளாகும்" என்றார் எஞ்சினியர். முட்டிவரை சேறு.

ஃபோர்மேன் பழைய ராடின் மேல் ஸ்கேலை வைத்தார். ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் நடுவில் பார்த்தார். "அஞ்சு மில்லி" என்றார்.

அக்கா அவர் தோளுக்குப் பின்னால் நின்றாள். "அண்ணே, ஒரு மரையை மட்டும் அளக்காதீங்க. தேஞ்ச மரை ஏமாத்தும். இருவது மரையைச் சேத்து அளந்து பாருங்க."

"ஏம்மா, நான் மரை வெட்ட ஆரம்பிச்சப்ப நீ பொறக்கவே இல்ல" என்றார் ஃபோர்மேன். கெட்டவர் இல்லை. அவசரம் அவரை அப்படிப் பேச வைத்தது. ஐந்து மில்லிக்குச் சக்கரம் மாட்டி முதல் ராடை வெட்டி முடித்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நட்டைப் போட்டார். மூன்று சுற்றுப் போய் அப்படியே இறுகிக்கொண்டது. ஸ்பானர் போட்டுத் திருப்பிக் கழற்றுவதற்குள் அவருக்கு வியர்த்து ஊற்றிவிட்டது.

மணி பதினொன்றரை. ஒரு ராடுதான் பாக்கி.

அக்கா யாரையும் கேட்காமல் பழைய ராடின் மேல் இஞ்சு ஸ்கேலை வைத்தாள். இருபது மரை எண்ணி நகத்தை வைத்தாள். நகம் சரியாக நாலு இஞ்சுக் கோட்டில் நின்றது. "இஞ்சுக்கு அஞ்சு மரை" என்றாள். "மில்லில சொன்னா அஞ்சு இல்ல, அஞ்சு புள்ளி பூஜ்ஜியம் எட்டு."

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஃபோர்மேன் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஆள் நேர்மையானவர், "என் தப்பு" என்று எல்லோர் எதிரிலும் சொன்னார். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "இஞ்சு மரைன்னா நூத்தியிருவத்தேழு வேணும். எடுத்துட்டு வாப்பா."

 ஸ்டோருக்குப் போனேன். கிரீஸ் டின்னின் முன்னால் நின்றேன். தெரு கண்ணில் வந்தது, படி கண்ணில் வந்தது, கட்டிலைத் தூக்கும் மாமா வந்தார். கதவுக்கு முட்டுக் கொடுத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் போலிருந்தது. வெறுங்கையோடு திரும்பினேன். "அது... இல்லண்ணே" என்றேன்.

"இல்லைன்னா? கால் மொளச்சு நடந்து போச்சா?" ஃபோர்மேன் கத்திய கத்தலில் முதலாளியே அறையிலிருந்து வந்துவிட்டார்.

அப்போதுதான் அக்கா பேசினாள். என்னைப் பார்க்கவில்லை. "அது வேணாம்ணே. அம்பத்தஞ்சும் அறுவத்தஞ்சும் போதும். மேல அம்பத்தஞ்சு, கீழ அறுவத்தஞ்சு."

"அதுல எப்படிம்மா வரும்? கணக்கு சரியா வருமா?"

"சரியா வராது. சரிக்குப் பக்கத்துல வரும்."

"பக்கத்துலன்னா?"

"மரைக்கு, ஒரு மில்லியை ஆயிரமாப் பிரிச்சா அதுல மூணு பங்கு கம்மி."

ஃபோர்மேன் விரலை மடக்கினார். "ராடு ரெண்டடி. நூத்தியிருவது மரை. கூட்டிப் பாத்தா கால் மில்லிக்கு மேல போகுதே! மறுபடி சிக்கிக்கும்."

"ராடுதாண்ணே ரெண்டடி. நட்டு மூணு இஞ்சுதானே?" அக்கா நட்டைக் கையில் எடுத்துக் காட்டினாள். "ஒரு நேரத்துல இதுக்குள்ள இருக்கப்போறது பதினஞ்சு மரை. பதினஞ்சு மரைக்கு வர்ற வித்தியாசம் ஒரு பேப்பர் கனத்துல பாதி. பழைய நட்டு, உள்ள தேஞ்சு கெடக்கு. அதைவிட ஜாஸ்தியாவே ஆடும்."

 எஞ்சினியர் தாளில் என்னமோ போட்டுப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். முதலாளி அக்காவைப் பார்த்தார். "இதுவும் போச்சுன்னா உங்க தெருவே போச்சும்மா."

"தெரியும் மொதலாளி. அந்தத் தெருவுலதான் நானும் இருக்கேன்."

"சரி. நீ போடு" என்றார்.

ஐம்பத்தைந்தையும் அறுபத்தைந்தையும் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்.  அவள் வாங்கி மாட்டினாள். மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுவில் கைக்கு வந்த ஒன்று. மாமாவின் ஞாபகம் வந்தது. சிரிக்கிற நேரமில்லை.

அவள் உடனே வெட்டவில்லை. டூலை ராடில் பட்டும் படாமலும் வைத்து ஒருமுறை ஓட்டினாள். ராடின் மேல் தலைமுடி மாதிரி ஒரு கோடு சுற்றிக்கொண்டே போனது. மெஷினை நிறுத்தி ஸ்கேலை வைத்தாள். இருபதாவது கோடு நாலு இஞ்சில். ஃபோர்மேன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை எண்ணினார். பிறகு தள்ளி நின்று, கையைக் கட்டிக்கொண்டு, "வெட்டும்மா" என்றார்.

மூன்று மணி நேரம். இந்த மாதிரி மரையில் டூலை நகர்த்தும் பிடியை நடுவில் விட்டுவிடக் கூடாது. விட்டால் அடுத்த முறை டூல் பழைய தடத்தில் விழாது. அதனால் ஒவ்வொரு முறையும் கடைசிவரை போய், டூலைப் பின்னால் இழுத்து, மெஷினைத் திருப்பி ஓட்டி ஆரம்பத்துக்கு வந்து, மயிரிழை ஆழம் கூட்டி, மறுபடியும் போக வேண்டும். ஒரு நாற்பது தடவையாவது இருக்கும். ஒரு தடவைகூட அவள் கை பிடியிலிருந்து விலகவில்லை. தண்ணீர் கொண்டுபோய் நீட்டினேன்; தலையை மட்டும் ஆட்டினாள். மற்ற மெஷின்காரர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பது போலப் பாவனை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவன் அரைமணி நேரம் ஒரே போல்ட்டைத் துடைத்தான்.

மாமா இரண்டு மணிக்குப் போன் செய்தார். "ரெண்டாவது படி மாப்ளே" என்றார். நான் அதை அக்காவிடம் சொல்லவில்லை.

கடைசியில் மெஷினை நிறுத்தினாள். எண்ணெய் தடவினாள். நட்டை ஃபோர்மேனிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்கண்ணே."

அவர் போட்டார். ஒரு சுற்று, இரண்டு, மூன்று. முதல் ராடு சிக்கிய இடம் வந்ததும் அவர் கை தானாக மெதுவானது. நாலு, ஐந்து. நட்டு விரலாலேயே ஓடியது. ராடின் மறுமுனைவரை ஓடியது. அங்கிருந்து திருப்பிக்கொண்டு வந்தார். ஃபோர்மேன் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி லேத்தின் மேல் வைத்தார்.  நான் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவள் என் அக்கா என்று யாரிடமாவது கத்திச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அங்கே எல்லோருக்கும் அது ஏற்கெனவே தெரியும் என்பதுதான் கஷ்டம்.

ஐந்து மணிக்கு மதகு இறங்கி உட்கார்ந்தது. இருட்டுவதற்குள் தண்ணீர் இரண்டாவது படியை விட்டுக் கீழே போய்விட்டது. தெருவில் முகம் தெரியாதவர்களெல்லாம் வந்து அக்காவிடம் பேசினார்கள். அவள் எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னாள்: "ராடு நல்ல ராடுங்க." மாமாவோ மாடிக்கும் தரைக்கும் கட்டிலைத் தூக்கியவர் என்ற முறையில் பாதிப் புகழைத் தன் பங்குக்கு எடுத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அக்கா இரண்டு சக்கரத்தையும் துடைத்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு வந்தாள். நோட்டையும் சேர்த்து மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனாள். இரண்டு வருஷமாகக் கிண்டல் செய்த நோட்டை அன்றுதான் முதன்முதலாகத் திறந்தேன். முதல் பக்கத்தில் அவள் கையெழுத்தில் ஒரு தலைப்பு: '127 இல்லாமல்.' கீழே இஞ்சுக்கு நாலு மரை, ஐந்து மரை, ஆறு மரை என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் வரக்கூடிய சக்கரங்கள். மேலே ஓரத்தில் தேதி. அந்தத் தேதி எனக்கு நன்றாகத் தெரியும். புது டிரில்லிங் மெஷின் வந்த மறுநாள்.

அவள் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், திறந்திருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"உனக்கு எப்பக்கா தெரியும்?"

"கிரீஸ் எடுக்க வந்தப்ப பாத்தேன். சாக்குல கட்டி வச்சிருந்தே. உன் முடிச்சு எனக்குத் தெரியாதா? உனக்கு ஷூ கட்டக் கத்துக்குடுத்ததே நான்தான்டா."

"ஏன் கேக்கல?"

"நீயே சொல்லுவேன்னு பாத்தேன்" என்றாள். கை துடைத்த துணியை மடித்தாள். "நீ சொல்றதுக்குள்ள வேலை வந்து நின்னுட்டா உன்னைத்தானே கேப்பாங்க? அதான் கணக்குப் போட்டு வச்சேன்."

இரண்டு வருஷம். சாப்பாட்டு நேரத்தில் அரை அரை மணியாக. அவளைப் பார்த்து மரை கழன்றது என்று சொன்ன வாயை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கிரீஸ் டின்னை நகர்த்தினேன். சாக்கை அவிழ்த்தேன். சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு முதலாளி அறைக்குப் போய் மேஜைமேல் வைத்தேன். அங்கே ஃபோர்மேனும் இருந்தார். கதவு, தள்ளுவண்டி, சாக்கு, எல்லாவற்றையும் சொன்னேன். முதலாளி உடைந்த மூன்று பல்லையும் விரலால் தடவிப் பார்த்தார்.

"ரெண்டு வருஷமா?"

"ஆமா மொதலாளி."

வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கினேன். ஒன்றுகூட அநியாயம் இல்லை. பிறகு அவர் அக்காவைக் கூப்பிட்டார். "ஏம்மா, இது இல்லாமயே நீ வெட்டிடுறே. புதுசா ஒண்ணு வாங்கணுமா, வேணாமா?"

"வாங்குங்க மொதலாளி. நேத்து பதினஞ்சு மரைங்கறதால தாங்கிச்சு, எல்லாத்துலயும் தாங்காது" என்றாள் அக்கா. வாசல்வரை போனவள் திரும்பினாள். "அப்படியே ஸ்டோர் கதவுக்கு நல்ல கனமா ஒரு கல்லும் சேத்து வாங்குங்க."

ஃபோர்மேன் சிரித்த சிரிப்பில் பட்டறையே திரும்பிப் பார்த்தது. முதலாளியும் சிரித்துவிட்டார். தலையைக் குனிந்துகொண்டு நான் அங்கேயே நின்றேன். அவ்வளவு அவமானத்துக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அப்படி இருக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு இப்படி ஓர் அக்கா இல்லை, அவ்வளவுதான்.